நூற்றுப் பத்து மீட்டர்

பிப்ரவரி 2, வெள்ளி

தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார் நரம்பு டாக்டர். தலையில் அடிபட்டவர்கள் எழுதினால் ஞாபகம் கோர்வையாகுமாம். என்ன சாப்பிட்டேன், யார் வந்தார்கள், என்ன பேசினேன், எதுவானாலும் சரி. முப்பத்துநான்கு வருடம் சர்வேயராக இருந்து அளவுப் புத்தகம் எழுதியவனுக்கு இது ஒரு வேலையே இல்லை.

பெயர் சிவசைலம். வயது அறுபத்தொன்று. டிசம்பர் 28 காலையில் ஆலடிக்குளத்துக்குப் பறவைகளைப் படம் பிடிக்கப் போன இடத்தில் லாரி அடித்துவிட்டது. வலது தொடைக்குள் கம்பி, தலையில் பதினான்கு தையல். முந்தின நாள் ராத்திரி சாப்பிட்ட தோசை வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் வருவது ஆஸ்பத்திரியில் தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறி. நடுவில் நான்கு நாட்களைக் காணவில்லை.

நான் அடிபட்டுக் கிடந்த குளத்துப் பாலத்துப் பக்கம் போன யாரோ என் போனிலிருந்து ஆவுடையைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆவுடை என் மனைவி. அவள்தான் ஆம்புலன்ஸை வரவழைத்தாள். பத்து நிமிடம் தாமதித்திருந்தால் ஆள் இல்லை என்று டாக்டர் சொன்னார்.

காலையில் இட்லி மூன்று. சாம்பாரில் உப்பு கூடுதல். சொன்னேன். வேறு வைத்துக் கொண்டுவந்தாள்.

பிப்ரவரி 3, சனி

பிசியோதெரபிக்கு ஆட்டோவில் போய்வந்தோம். ஒவ்வொரு பள்ளத்திலும் கம்பி இருக்கும் இடம் விண்ணென்றது. வாசலில் கார் நிற்கிறது, உறை போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். டிரைவர் ஒருவரைப் பிடித்துக் காரிலேயே போகலாமே என்றேன்.

"பேட்டரி போயிட்டுங்க. டெர்மினல்ல உப்பு படிஞ்சிருக்கும். ஆள வச்சுத்தான் பாக்கணும்" என்றாள் ஆவுடை.

டெர்மினல் என்ற சொல் இவளுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். ஆஸ்பத்திரியில் இருந்த பத்தொன்பது நாளில் யாரோ சொல்லியிருக்கலாம்.

உறையைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். "தூசிங்க, உங்களுக்கு இருமல் வரும்" என்றாள். விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 5, திங்கள்

கலெக்டர் ஆபீசில் மனுநீதி நாள். நான்காவது மனு கொடுத்தேன். வாக்கருடன் வரிசையில் நின்றதைப் பார்த்து முன்னால் விட்டார்கள். மனுவைப் புறப்படும் முன் ஆவுடைக்கு வாசித்துக் காட்டினேன். நன்றாக வந்திருந்தது. 'மனிதன் ஒருவனை அடித்துப் போட்டதோடு நில்லாமல், இறங்கி வந்து அவனுடைய கேமராவையும் எடுத்துக்கொண்டு தப்பிய ஈவு இரக்கமற்ற லாரி ஓட்டுநரை' என்று எழுதியிருந்தேன். நான் விழுந்த இடத்தில் கேமரா இல்லை என்று ஆவுடைதான் சொன்னாள். வேறு யார் எடுத்திருக்க முடியும்?

"அவன் காலு ரெண்டும் விளங்காமப் போகணும். அப்பத்தான் என் வலி அவனுக்குத் தெரியும்" என்றேன்.

ஆவுடை கையிலிருந்த காபி தம்ளர் நழுவி விழுந்தது. தரையெல்லாம் காபி. துணியை எடுத்துக்கொண்டு குனிந்தவள் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. ரத்தக் கொதிப்பு மாத்திரை போட்டாளா என்று கேட்டேன். போட்டதாகச் சொன்னாள்.

பிப்ரவரி 6, செவ்வாய்

தூறல். கால் வலி. ஆவுடை இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டால் விரதம் என்கிறாள். எந்தச் சாமிக்கு என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 8, வியாழன்

ஏட்டு சேவியர் போன் செய்தார். வீட்டு போனில் ஆவுடைதான் எடுத்து என்னிடம் கொடுத்தாள்.

"ஸார், ஆளப் புடிச்சாச்சு. பெட்ரோல் பங்க் கேமராவுல அன்னிக்குக் காலைல ஆறே முக்காலுக்கு ஒரு டிப்பர் லாரி போயிருக்கு. டிரைவர் பேரு பேச்சிமுத்து. நான் இல்லவே இல்லைன்னு சாதிக்கான். வண்டியப் புடிச்சுப் போட்டுருக்கோம். அடுத்த வெள்ளிக்கிழமை நீங்க வந்து வாக்குமூலம் குடுத்தீங்கன்னா போதும்."

எனக்கு எதுவும் ஞாபகமில்லையே என்றேன்.

"ஆரஞ்சு கலர் டிப்பர்னு ஒரு வார்த்தை சொல்லுங்க ஸார். மத்தத நாங்க பாத்துக்கிடுவோம்."

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றேன். அவன்தான் அடித்தான் என்னும்போது கலரைச் சொல்வதில் தப்பில்லை.

ஆவுடையிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மாடிக்குப் போய் மதியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். மதி எங்கள் மகள், காந்திமதி. புனேயில் வேலை. நான் பேச வேண்டும் என்று குரல் கொடுத்ததும் லைன் கட்டாகிவிட்டதாகச் சொன்னாள்.

பிப்ரவரி 9, வெள்ளி

என் கைபேசி திரும்பி வந்தது. விபத்தில் கண்ணாடி நொறுங்கிப்போனதை மதி ஜனவரியில் அப்பாஸ் கடையில் கொடுத்திருந்தாள். "டிஸ்ப்ளே இப்பத்தான் ஸார் வந்துச்சு. அம்மா அவசரமில்லைன்னாங்க. இந்தப் பக்கம் வந்தேன், கையோட கொண்டாந்துட்டேன்" என்றார் அப்பாஸ். ஆவுடை கோயிலுக்குப் போயிருந்தாள்.

ஓய்வூதியப் புத்தகத்தை எடுக்க வாக்கரைத் தள்ளிக்கொண்டு படுக்கையறைக்குப் போனேன். காலுக்காக என் கட்டிலைக் கூடத்தில் போட்டிருக்கிறார்கள். விபத்துக்குப் பிறகு அந்த அறைக்குள் நான் நுழைந்ததில்லை. சட்டைப்பையில் போன் மூன்று தடவை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன்.

'கேமரா இணைக்கப்பட்டது. 3 படங்கள் பெறப்பட்டன.'

கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

கேமரா மதி வாங்கித் தந்தது, நான் ஓய்வு பெற்றபோது. தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் கொண்டுவரும் பெரிய ஜூம். அதிலிருந்து படங்களைப் போனுக்கு அனுப்ப வயர் வேண்டாம் என்பதை அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். "கேமராவும் போனும் ஒண்ண ஒண்ணு தெரிஞ்சு வச்சுக்கிடும்ப்பா. கேமராவ ஆஃப் பண்ணினாலும் பரவால்ல. போன் பக்கத்துல வந்தாப் போதும், அதுபாட்டுக்குப் படத்தைச் சின்னதாக்கி ஒண்ணொண்ணா அனுப்பிக்கிட்டே இருக்கும்."

பக்கத்தில் என்றால் எத்தனை தூரம் என்று அப்போதே கேட்டேன். "பத்து மீட்டர். நடுவுல சுவர் இருந்தா அதுவும் இல்ல."

வந்த மூன்று படங்களும் நீர்க்காகங்கள். பட்டமரத்தில் இறக்கையை விரித்துக் காயப்போட்டபடி. தேதி டிசம்பர் 28. நேரம் 6.19.

லாரிக்காரன் திருடிப் போன கேமரா என்னிலிருந்து பத்து மீட்டருக்குள் இருக்கிறது.

பிப்ரவரி 10, சனி

ஆவுடை காய்கறி வாங்கப் போன அரை மணி நேரத்தில் அளந்து பார்த்தேன். சமையலறையில் இணைப்பு இல்லை. கூடத்தில் இல்லை. பக்கத்து வீட்டுச் சுவரோரம் நின்று பார்த்தேன், அங்கும் இல்லை. அந்த வீட்டுக்காரர்மேல் ஒரு நிமிடம் சந்தேகப்பட்டதற்கு வெட்கப்படுகிறேன். படுக்கையறை வாசலில் வந்து வந்து போனது. பீரோ முன்னால் போய் நின்றதும் போன் விடாமல் அதிர ஆரம்பித்தது. மடையான். முக்குளிப்பான், இரண்டு. நத்தைகுத்தி நாரை பறந்து இறங்குவது, நான்கு. வரிசையாக வந்துகொண்டே இருந்தன. ஐம்பத்தாறாவது படத்தோடு நின்றுவிட்டது. 'கேமராவில் மின்சக்தி இல்லை' என்று வந்தது.

பீரோ பூட்டியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் இருந்த நாளிலிருந்து சாவி ஆவுடையின் இடுப்பில்.

அவள் வந்ததும் போனைப் பார்த்தாள். "எப்ப வந்துச்சு?" என்றாள். அப்பாஸ் கொடுத்ததைச் சொன்னேன். "நல்லா வேலை செய்யுதா?" என்று கேட்டாள். செய்கிறது என்றேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

காரணம் புரிந்துவிட்டது. கேமரா கையில் இருந்தால் நான் மறுபடியும் குளத்துக்குப் போய்விடுவேன் என்று பயந்து ஒளித்து வைத்திருக்கிறாள். பொய் சொன்னது தப்புதான். ஆனாலும் என்மேல் உள்ள அக்கறை. கேட்க வேண்டாம் என்று இருக்கிறேன்.

மதியம் கத்தரிக்காய்க் குழம்பு. உப்பு சரியாக இருந்தது.

பிப்ரவரி 12, திங்கள்

வீட்டில் எந்தப் பூட்டுக்கும் மாற்றுச்சாவி இல்லாமல் நான் வைப்பதில்லை. என் மேஜை இழுப்பறையில் எல்லாம் சீட்டு ஒட்டி இருக்கின்றன. ஆவுடைக்கு அது தெரியாது.

அவள் ரேஷன் கடைக்குப் போனதும் பீரோவைத் திறந்தேன். கீழ்த்தட்டில், குங்குமக் கலர் பட்டுப்புடவைக்கு அடியில், துண்டு சுற்றிய கேமரா. தோள்வாரில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. என் ரத்தம்.

துண்டுக்குள் ஒரு தாளும் இருந்தது. ஓட்டுநர் பழகுநர் உரிமம், எல்.எல்.ஆர். அதில் ஆவுடையின் போட்டோ. ஆவுடையம்மாள், வயது 56, நவம்பர் மாதத் தேதி. தீபாவளிக்கு மதி வந்திருந்த சமயம்.

இரண்டு தடவை வாசித்தேன்.

1998இல் பழைய அம்பாசடரை வாங்கியபோது, தானும் ஓட்டப் பழகலாமா என்று கேட்டாள். 'நீ ஓட்டி எங்க போகப்போற? ஸ்டியரிங்கத் தொட்டா கைய முறிச்சிருவேன்' என்று சொன்னேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன். அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள். அதன்பிறகு அவள் கேட்டதில்லை. ஆசை விட்டுப்போயிற்று என்று நினைத்திருந்தேன். எனக்குத் தெரியாமல் தாயும் மகளுமாகப் போய் விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்கள். கோபமாக வந்தது. கேமராவோடு இந்தத் தாளை ஏன் வைத்தாள் என்று தெரியவில்லை.

பேட்டரியை மட்டும் கழற்றி என் இழுப்பறையில் சார்ஜ் போட்டேன். மற்றவற்றை இருந்தபடியே வைத்தேன்.

பிப்ரவரி 13, செவ்வாய்

காலையில் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். முப்பது வயது இருக்கும். இடுப்பில் ஒரு குழந்தை. பேச்சிமுத்துவின் மனைவி மாரிச்செல்வி என்றாள்.

"ஐயா, எங்க வீட்டுக்காரரு அன்னிக்கு அந்தப் பாலத்துப் பக்கமே நிக்கல. மணல் எறக்கிட்டு நேரா வந்துட்டாரு. தினமும் ஸ்டேஷன்ல கொண்டுபோய் உக்கார வைக்காவ. கேமரா எங்க எங்கன்னு கேட்டு அடிக்காவ. எங்க வீட்ட வந்து பாருங்க ஐயா, கேமராவும் இல்ல ஒண்ணும் இல்ல."

கேமரா எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல், "அடிச்சது உன் புருஷன்தான், பங்க் கேமராவுல இருக்கு. என்கிட்ட வந்து அழுது என்ன பிரயோசனம்? போ" என்று சத்தம் போட்டேன்.

ஆவுடை உள்ளிருந்து தண்ணீர் கொண்டுவந்தாள். அந்தப் பெண்ணிடம் கொடுக்கும்போது பாதித் தண்ணீர் தரையில் சிந்தியது. குழந்தையின் தலையில் கை வைத்தவள் எடுக்கவே இல்லை.

"எத்தன நாளா உக்கார வச்சிருக்காவ?" என்று கேட்டாள்.

"ஆறு நாளாச்சு அக்கா."

ஆவுடை என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை என்னவென்று எனக்குத் தெரியவில்லை.

பிப்ரவரி 14, புதன்

எழுத வேண்டும். எப்படி என்று தெரியவில்லை. நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

காலை பதினொன்றரைக்கு ஆவுடை குளிக்கப் போனாள். பேட்டரியைக் கேமராவில் போட்டேன். ஐம்பத்தேழாவது படத்திலிருந்து வர வேண்டும். தானாக வரும் படங்கள் சின்னதாகத்தான் இருக்கும். பெரிதாக வேண்டுமென்றால் கேமராவிலேயே வைஃபையைப் போட வேண்டும். அப்போது கேமரா தனக்கென்று ஒரு வைஃபை ஆகிவிடும். போனை அதில் சேர்த்துவிட்டு, வேண்டிய படங்களைத் தொட்டுத் தேர்ந்தெடுத்து 'இறக்கு' என்று கொடுத்தால் எடுத்த அளவிலேயே வரும். மதி சொல்லிக்கொடுத்தபடி செய்தேன். ஐந்து படங்கள். ஒவ்வொன்றும் வந்து முடிய அரை நிமிடம் ஆனது.

57: நாமக்கோழி. படத்தின் ஓரத்தில் பாலத்துக் கைப்பிடிச் சுவர். அப்படியானால் நான் பாலத்தின் மேல் நின்றிருக்கிறேன்.

58: ரோடு. தூரத்து வளைவில் ஒரு வெள்ளைக் கார். கலங்கலாக இருக்கிறது.

59: அதே கார். ஜூம் போட்டு எடுத்திருக்கிறேன். எங்கள் கார், எங்கள் நம்பர். ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஆவுடை. தனியாக. முந்தானையைச் சொருகியிருக்கிறாள். பக்கத்திலிருந்து வெயில் விழுகிறது. கண்ணாடியில் பாதி வானம் தெரிந்தாலும் முகம் தெளிவாக இருக்கிறது. வாய் திறந்திருக்கிறது. ஏதோ பாடிக்கொண்டு வருகிறாள். இவள் பாடுவாள் என்பதே எனக்குத் தெரியாது.

லாரி எங்கே என்று தேடினேன். அப்போதும் லாரியைத்தான் தேடினேன் என்பதை எழுதி வைக்க வேண்டும்.

60: கார் ரோட்டோரத்து ஒற்றைப் பனைக்கு நேராக வந்திருக்கிறது. ஆவுடை என்னைப் பார்த்துவிட்டாள். வாய் மூடிவிட்டது. கண் இரண்டும்... நான் எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். அந்த முகம் செத்துப்போகப் போகிறவளின் முகம்.

61: காரின் முகப்பு, படம் முழுக்க. சாய்ந்திருக்கிறது. மேலே கொஞ்சம் வானம்.

லாரி இல்லை. எந்தப் படத்திலும் இல்லை.

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கேமராவைத் துண்டில் சுற்றிப் பழையபடி வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்து படுத்தேன். சாப்பிடக் கூப்பிட்டாள். பசியில்லை என்றேன். நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள். அந்தக் கைதான்.

மாலை. மேலே எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். ஒற்றைப் பனைக்கும் பாலத்துக்கும் உள்ள தூரம் எனக்குத் தெரியும். ரோட்டை அகலப்படுத்தும்போது நானே சங்கிலி போட்டு அளந்தேன். நூற்றுப் பத்து மீட்டர். படத்தின் விவரத்தில் நேரம் விநாடியோடு இருக்கிறது. அறுபதாவது படம் 6.41.08. கடைசிப் படம் 6.41.19. பதினொரு விநாடி. மெதுவாகத்தான் வந்திருக்கிறாள். கார் நூற்றுப் பத்து மீட்டர் தள்ளி இருக்கும்போது யாரும் யார்மேலும் மோதப்போவதில்லை. பிரேக் போடலாம், ஒதுங்கலாம், ஹாரன் அடிக்கலாம். அங்கே பயப்பட ஒன்றுமே இல்லை.

நான் ஒருவன்தான் நின்றுகொண்டிருந்தேன்.

பிப்ரவரி 15, வியாழன்

கடைசி மூன்று படங்களிலும் கார் நட்டநடுவில் இருக்கிறது. பாலத்து ஓரத்தில் நின்று எடுத்தால் அப்படி வராது. நான் ரோட்டின் நடுவில் நின்றிருக்கிறேன். பதினொரு விநாடி நகரவில்லை. கார் எனக்காக நின்றுவிடும் என்று நினைத்திருப்பேன்.

நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். என்ன சொல்வதென்று முடிவு செய்துவிட்டேன். லாரி எதுவும் அடிக்கவில்லை, தலைசுற்றிப் பாலத்திலிருந்து நானே விழுந்தேன், இப்போதுதான் ஞாபகம் வந்தது. கேமரா வீட்டிலேயே கிடைத்துவிட்டது. பேச்சிமுத்துவை விட்டுவிடுவார்கள். ஆவுடையின் பெயர் ஸ்டேஷனில் அடிபடாது. அவளிடம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. எனக்குத் தெரியும் என்பதே அவளுக்குத் தெரிய வேண்டாம்.

பிப்ரவரி 16, வெள்ளி

பத்து மணிக்கு ஆட்டோ வந்தது. ஆவுடை மடியில் ஒரு துணிப்பை வைத்திருந்தாள். என்ன என்று கேட்டேன். "தண்ணி பாட்டில்" என்றாள்.

சப்-இன்ஸ்பெக்டர் ஒரு பெண், மதியைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கலாம். எனக்கு நாற்காலி போடச் சொன்னார். சுவரோரப் பெஞ்சில் ஒல்லியாக ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். கீழுதடு வீங்கியிருந்தது. அவர்தான் பேச்சிமுத்து என்று சேவியர் காட்டினார். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டார். 'கால் விளங்காமப் போகணும்' என்று நான் சபித்த ஆள்.

ஒத்திகை பார்த்திருந்ததை அப்படியே சொன்னேன். தலைசுற்றல், பாலம், விழுந்தது. சேவியருக்கு முகம் மாறிவிட்டது. "ஸார், நாலு மனு எழுதியிருக்கீங்க. லாரின்னுதானே எழுதினீங்க?" என்றார். "ஞாபகம் இல்லாம எழுதிட்டேன். இப்ப வந்துட்டு" என்றேன். சப்-இன்ஸ்பெக்டர் எழுதத் தொடங்கினார்.

"எழுதாதீங்கம்மா" என்றாள் ஆவுடை.

எனக்குப் பின்னால் நின்றவள் முன்னால் வந்தாள். துணிப்பையை மேஜைமேல் வைத்துப் பிரித்தாள். கேமரா. எல்.எல்.ஆர். தாள்.

"நாந்தான் ஓட்டினேன். எங்க கார்தான். லாரியெல்லாம் கெடையாது. அந்த டிரைவர விட்டுருங்க."

"ஆவுடை!" என்று கத்தினேன். அவள் திரும்பவில்லை.

"தினமும் இவுக நடந்து குளத்துக்குப் போனதும் நான் கார எடுத்துட்டுப் போவேன். வெறும் அரை மணி நேரம். இவுக எப்பவும் வடக்குக் கரைக்குத்தான் போவாவ. அன்னிக்குப் பாலத்துக்கு வந்துட்டாவ. நடு ரோட்டுல நின்னாவ. பாத்ததும் எனக்குக் கை கால் ஓடல. பிரேக்குன்னு நெனச்சு மத்தத அமுக்கிட்டேன். அமுக்குனத எடுக்கவே தெரியல."

"நீங்கதான் ஆம்புலன்ஸ கூப்பிட்டீங்களா?" என்று கேட்டார் சப்-இன்ஸ்பெக்டர்.

"ஆமா. வேற யாரும் வரல. தலையில எஞ் சேலையக் கிழிச்சுக் கட்டினேன். வண்டிய மரத்தடியில விட்டுட்டு ஆம்புலன்ஸ்ல ஏறிட்டேன். லாரின்னு சொன்னதும் நாந்தான். மக மேல தப்பு கெடையாது. அவ மறுநாள் வந்து கார வீட்டுல கொண்டுபோய் விட்டா, அவ்வளவுதான்."

சப்-இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஸார், நீங்க தலைசுத்தி விழுந்தேன்னு சொல்லுதீங்க. அம்மா இப்படிச் சொல்லுதாங்க. எத எழுதட்டும்?"

"அவுக பொய் சொல்லுதாவ" என்றாள் ஆவுடை. "எனக்காகத்தான் சொல்லுதாவ. கேமராவுல பேட்டரி ஏறியிருந்துச்சு, நேத்தே பாத்துட்டேன். அவுகளுக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு. ஆனா என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல."

இவ்வளவு நீளமாக அவள் பேசி நான் கேட்டதில்லை. அதுவும் வேற்று ஆட்கள் முன்னால், என்னைப் பார்க்காமல்.

சப்-இன்ஸ்பெக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவ சொல்லுததுதான் சரி" என்றேன். போனைத் திறந்து ஐந்து படங்களையும் காட்டினேன். "இன்னொண்ணும் எழுதிக்கிடுங்க. நான் நடு ரோட்டுல நின்னேன். வெலகல. பதினொரு விநாடி இருந்துச்சு."

பேச்சிமுத்து எழுந்து நின்றார். "நான் போவலாமா?" என்று சப்-இன்ஸ்பெக்டரிடம் கேட்டார். கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்கள். என் நாற்காலியைத் தாண்டித்தான் போக வேண்டும். மன்னிக்க வேண்டும் என்று சொல்லி எழுந்திருக்கப் பார்த்தேன். வாக்கர் இடறிவிட்டது. விழப்போன என்னைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். வாசலைப் பார்த்து நடந்தார். வெளியே மாரிச்செல்வியின் அழுகைச் சத்தம் கேட்டது.

ஆவுடைமேல் வழக்குப் பதிவாகிவிட்டது. ஸ்டேஷன் ஜாமீனில் விட்டார்கள். காரைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் அவள் சோறு போட்டுச் சாப்பிட்டாள். நான் சாப்பிடும் முன்னே அவள் சாப்பிட்டு நான் பார்த்தது இன்றுதான். இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டாள்.

பிப்ரவரி 18, ஞாயிறு

மதி நேற்று வந்தாள். வாசலிலேயே அழத் தொடங்கிவிட்டாள். திட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. வக்கீல் வந்து பேசிவிட்டுப் போனார். ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு போகலாம் என்கிறார். பொய்த் தகவல் கொடுத்ததற்குக் கோர்ட் என்ன சொல்லும் என்று உறுதியாகச் சொல்லவில்லை. கலெக்டருக்கு ஐந்தாவது மனு எழுதினேன், முதல் நான்கும் தவறு என்று. மதி தபாலில் சேர்த்தாள்.

மத்தியானம் மதி தூங்கியபிறகு ஆவுடை என் கட்டில் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மூன்று நாளாகக் கேட்க வேண்டும் என்று இருந்ததைக் கேட்டேன்.

"அன்னிக்கு நான் கோவமாவா நின்னேன்?"

கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள்.

"எனக்கு ஞாபகமில்ல ஆவுடை. நெசமாவே ஞாபகமில்ல. ஒருவேளை சந்தோசத்துல நின்னிருப்பேன். நீ ஓட்டுதயேன்னு. இல்லன்னா எதுக்குப் படம் எடுக்கணும்? கோவத்துல இருக்கிறவன் படம் எடுப்பானா? எம் மொகம் எப்படி இருந்துச்சு, சொல்லு."

"மொகம் தெரியல" என்றாள். "கேமரா மறச்சுக்கிட்டு இருந்துச்சு."

ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டுச் சொன்னாள்: "எனக்குப் பயம் வர மொகம் தெரிய வேண்டாமே."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டு என் பக்கத்துக்கு ஒரு பதிலை வாங்கிவிட முடியாது. ஐந்து படங்களையும் எத்தனை பெரிதாக்கினாலும் அதற்குள் நான் இல்லை.

அவள் கீரைத்தட்டை ஒதுக்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் படத்துல ஒண்ணு எம் போனுக்கு அனுப்புதீங்களா?" என்றாள்.

எது என்று கேட்டேன்.

"நான் பாடிக்கிட்டு வாறது."

ஸ்டேஷனில் என் போனைச் சப்-இன்ஸ்பெக்டர் தள்ளித் தள்ளிப் பார்த்தபோது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். ஐம்பத்தொன்பதாவது படத்தை அனுப்பினேன். எடுத்த அளவிலேயே போக வேண்டும் என்பதால் கொஞ்ச நேரம் ஆனது. அவள் போன் சத்தம் கொடுத்தது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள். இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்தாள். முகத்தை அல்ல. ஸ்டியரிங்கில் கை இருந்த இடத்தை, ரோட்டில் சக்கரம் இருந்த இடத்தை.

"வளைவ நல்லாத்தான் ஒடிச்சிருக்கேன்" என்றாள்.

என்னிடம் சொல்லவில்லை.